கணக்கு விடைத்தாளில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாளை இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை திருப்பி அனுப்புங்கள். போடும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வடிவியல் பக்கத்தை மட்டும் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நிறைய மதிப்பெண்ணை விட்டிருப்பது அங்கேதான். கூட்டல் கழித்தலெல்லாம் நன்றாகவே வருகிறது.

ஒரு கேள்வியைப் பாருங்கள். முக்கோணத்தின் அடிப்பக்கத்தை வலது பக்கம் நீட்டியிருக்கிறது. அங்கே வெளியில் உண்டாகும் கோணம் 118 டிகிரி. உச்சியில் 54 டிகிரி. இடது மூலையில் எவ்வளவு? வெளிக்கோணம், உள்ளெதிர்க் கோணங்கள் (அதை ஒட்டாத மற்ற இரண்டு மூலைகள்) இரண்டின் கூடுதலுக்குச் சமம். 118-ல் 54 போனால் 64, முடிந்தது. அந்த விதி மறந்துபோனாலும் வழி உண்டு. நேர்க்கோட்டின் மேல் 180, அதில் 118 போக உள்ளே 62. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180, அதில் 62-ம் 54-ம் போக அதே 64.

ஆனால் சில பிள்ளைகள் 118-ஐயும் 54-ஐயும் கூட்டி, 180-ல் கழித்து, விடை 8 என்று எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டிருக்கிறார்கள். 118 முக்கோணத்துக்கு வெளியே நிற்பதைக் கவனிக்கவில்லை. 8 டிகிரி என்றால் அந்த மூலை ஊசி முனைபோல ஒடுங்கியிருக்க வேண்டும். படத்திலோ தாராளமாக விரிந்திருக்கிறது. வேறு சிலர் கோணமானியை வைத்து அளந்தே 60 என்று எழுதிவிட்டார்கள். வினாத்தாளில் இருப்பது கைப்படம், அளவெடுத்து வரைந்தது இல்லை. அதை அளந்து விடை எழுதக் கூடாது. விடை வந்த பிறகு, பொருந்துகிறதா என்று ஒரு தடவை பார்க்கத்தான் அது.

எட்டாம் வகுப்பில் இன்னொன்று. நேர்க்கோட்டின் மேல் அடுத்தடுத்து இரண்டு கோணங்கள்: ஒன்று 2x + 10, மற்றது 3x − 5. கூட்டினால் 180 வர வேண்டும், ஆக x = 35. பாதிப்பேர் 35-ஐயே விடையாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். கேட்டது கோணத்தை, 80, 100 என்று எழுதியிருக்க வேண்டும். கஷ்டமான பகுதியை முடித்துவிட்டுக் கடைசிப் படியில் நின்றுவிடுவதைப் பார்த்தால் திருத்துகிறவருக்கே மனசு ஆறாது.

“எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே சார்” என்பீர்கள். நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற அப்பாக்கள் பலர். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்பவர்களுக்கு வடிவியல் தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்து அதைச் செய்து காட்டுங்கள்.

வீட்டில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “இது இவ்வளவுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?” அதற்கு ‘குத்தெதிர்க் கோணங்கள் சமம்’ (இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே இருப்பவை), ‘இருசமபக்க முக்கோணம், அதனால் அடிக்கோணங்கள் சமம்’ என்று ஏதாவது ஒரு காரணம் வர வேண்டும். வெறுமனே 64 என்று சொன்னால் விடாதீர்கள். விடைத்தாளிலும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை எழுதினால்தான் முழு மதிப்பெண் தருகிறோம். கண்டிப்பு அதிகம் என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நம்பாத பிள்ளைக்குப் பழைய நோட்டு அட்டை ஒன்று போதும். எந்த வடிவிலாவது ஒரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கம் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அடியில் நேர்க்கோடு வந்து நிற்கும், அதுதான் 180. அப்புறம், பாலக்கோடு வழியாக ஓசூர் போகிற தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளும் இணைகோடுகள். அவற்றைச் சாலை எங்காவது ஒரே கோடுபோலச் சாய்வாகக் கடந்தால், அங்கே உண்டாகும் எட்டுக் கோணங்களில் இரண்டே அளவுகள்தான். ஒன்று 70 என்றால் மீதி ஏழும் 70 அல்லது 110. இணைகோடுகள் பாடம் முழுக்க அவ்வளவுதான்.

கடையில் கைடு வாங்க வேண்டாம். அதில் விடை இருக்கும், பிள்ளை யோசிக்க இடம் இருக்காது. அரசு கொடுத்த கணித உபகரணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கோணமானியில் கோடும் எண்ணும் அழிந்துபோயிருந்தால் வேறு ஒன்று வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை காலை கணக்கு ஆசிரியர் பள்ளியில் இருப்பார். விடைத்தாளைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.