முள்ளுக்காட்டுப் பாதைக்கு வண்டி எடுக்கும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க்கரைப் பாதைகளில் இருபுறமும் சீமைக்கருவேல முள் நீட்டிக்கொண்டு நிற்கும். செராமிக் கோட்டிங் போட்டாச்சே என்று இறங்கிவிடாதீர்கள். அது தண்ணீரையும் அழுக்கையும் எளிதில் ஒட்டவிடாது, முள்ளைத் தாங்காது. தாங்குவது பிபிஎஃப் (பெயிண்ட் மேல் ஒட்டும் ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம்) தான். சுமார் 200 மைக்ரான் தடிமனில் கதவுகள், ஃபெண்டர், கண்ணாடிக் கூடு, பின்சக்கர வளைவு எல்லாம் ஒட்டுங்கள். ஒட்டி ஒரு வாரம் கழித்தே கழுவுங்கள்.

டிஃபெண்டர், ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்கள் முள் படாமல் இருக்கக் கதவில் ஒட்டவைக்கும் காந்த ஷீட் வாங்க வேண்டாம். பாடி அலுமினியம், பிடிக்காது.

திரும்பி வந்ததும் உலர்ந்த துணியால் தூசி துடைப்பதுதான் பெரிய தப்பு. முள் போட்டது நாலு கோடு என்றால், துணிக்கடியில் உருளும் மணல் வண்டி முழுக்கச் சுழிக்கோடு போட்டுவிடும். முதலில் தண்ணீர் அடித்துச் சேற்றை ஊறவிடுங்கள். பிரஷர் வாஷர் முனை ஒரு அடிக்கு மேல் தள்ளியே இருக்கட்டும். கிட்டே போனால் ஃபிலிம் ஓரம் கிளம்பும். பிறகு ஷாம்புக்கு ஒரு வாளி, கையுறை அலச இன்னொரு வாளி.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கீறல் ஆழம். பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள கிளியர்கோட்தான் (பெயிண்டின் மேல் உள்ள நிறமற்ற பூச்சு) மெலியும். அதற்கு டச்சப் பெயிண்டே வழி.