கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போக முதல்

வெள்ளவத்தை
யூன் 8

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோசம். மழை விட்டபாடில்லை. பத்தரமுல்லையில் உன் வளவுப் புல்லு முழங்காலுக்கு வந்திருக்கும், அதனால் புல்லு வெட்டும் மெஷின் விசயத்துக்கே முதலில் வருகிறேன்.

ஸ்டார்ட் ஆகி அஞ்சாறு செக்கனில் நிற்கிறது, சோக் போட்டால் மட்டும் ஏறி இறங்கி ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். எஞ்சின் பழுதென்று பயப்படாதே. பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரில் பெற்றோல் போகிற துளை அனேகமாக அடைத்திருக்கிறது. சோக் காற்றைக் குறைப்பதால் வருகிற கொஞ்சப் பெற்றோலும் போதுமாகிறது, அதுதான் அப்போது மட்டும் ஓடுகிறது. பெற்றோல் ஒரு மாதம் கிடந்தாலே பழுதாகத் தொடங்கும், பிறகு பிசின் மாதிரிப் படியும். பாதி நிரம்பிய தாங்கியில் கொழும்பு ஈரக் காற்றும் தண்ணீர் விடும்.

முதலில் தீப்பொறி தருகிற பிளக்கின் வயரைக் கழற்றிவிடு. பிளேட்டில் கை வைக்கிற எந்த வேலைக்கும் இதை மறக்காதே. பெற்றோல் பைப்பைப் பூட்டி, கீழே ஒரு தகரப்பேணி வைத்து, காபரேட்டரின் அடிக்கிண்ணத்தின் போல்ட்டைத் திற. அனேகமாக 10 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும், தண்ணீர் இருந்தால் அடியில் தனி முத்தாகத் தெரியும். நடுவிலிருக்கும் பித்தளை ஜெட்டை, அதுதான் அந்தத் துளையுள்ள திருகு, கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காபரேட்டர் கிளீனர் அடித்து, வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செப்புக் கம்பியால் குத்து. ஊசி வேண்டாம், துளை பெருத்தால் கலவையே கெட்டுவிடும். கிண்ணத்து றப்பர் வளையத்தில் கிளீனர் பட்டால் ஊதிப்போய்த் திரும்பப் பொருந்தாது, அதை முதலே எடுத்து வை. பிறகு புதிய 92 பெற்றோல் விடு. உன்னுடையது நாலு ஸ்ட்ரோக், பெற்றோலில் ஒயில் கலக்கக்கூடாது.

மெஷினைச் சரிக்கும்போது எயார் பில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாறிச் சரித்தால் ஒயில் பில்டருக்கும் சிலிண்டருக்கும் போய் வெள்ளைப் புகை தள்ளும். அதன் பிறகு ஸ்டார்ட் கயிறு இழுபடாமல் இறுகினால் பலம் போடாதே. பிளக்கைக் கழற்றி மெதுவாக இழுத்து ஒயிலை வெளியேற்று. பிளக் கையில் இருக்கும்போதே அதன் முனை இடைவெளியையும் பார், 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வேண்டும். காய்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் பில்டர் அடைத்திருக்கக்கூடும். பஞ்சு பில்டரென்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, சில துளி ஒயில் விட்டுப் பிழி. கடதாசி பில்டரைக் கழுவாதே, தட்டிப் பார்த்துச் சரிவராவிட்டால் புதிது போடு.

எஞ்சின் ஒயிலின் தடிப்பு எஸ்.ஏ.ஈ. 30. எங்கள் வெக்கைக்கு அது நல்லாய்ப் பொருந்தும். 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்து மாற்று. அரை லீற்றருக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும், ஆனால் ஒயில் அளவுக் குச்சியில் பார்த்துப் பார்த்து விடு.

வெட்டிய புல்லின் நுனி அடுத்த நாள் வெளிறிக் காய்ந்தால் பிளேட் மொட்டை. பலகை கொடுத்துத் தடுத்துக் கழற்றி, பழைய சரிவிலேயே அரத்தால் தீட்டு. சுவரில் ஆணி அடித்து நடுத்துளையால் மாட்டிப் பார். சாய்கிற பக்கம் பாரம், அதை இன்னும் கொஞ்சம் அராவு. பாரம் ஒத்துவராமல் பூட்டினால் அந்த அதிர்வு எஞ்சின் தண்டையே தின்றுவிடும். மழைப் புல்லை ஒரே தரம் ஒட்ட வெட்டாதே. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், மூன்று நாலு நாள் விட்டு மறுபடியும்.

இவ்வளவும் செய்தும் கயிறு கையைப் பிடித்துத் திருப்பி இழுத்தால், பிளேட் கல்லிலோ வேரிலோ அடிபட்டு பிளைவீல் என்கிற பாரச் சில்லைத் தண்டோடு பிடித்து வைக்கும் சின்ன உலோகத் துண்டு, அதாவது பிளைவீல் சாவி, வெட்டுப்பட்டிருக்கும். எஞ்சினைக் காக்கவென்றே அதை மெத்தென்ற உலோகத்தில் செய்கிறார்கள். பிளைவீலைச் சுத்தியலால் தட்டாதே, அதை இழுத்துக் கழற்றுகிற புல்லர் என்ற கருவி வேண்டும். அந்த ஒன்றுக்குத்தான் கராஜ். சாவியை உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடலாம், எஞ்சின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போ.

கிண்ணத்தைத் திறந்து என்ன கண்டாய் என்று எழுது. மகளுக்கு எங்கள் வாழ்த்து.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி