திம்பம் வழியாக என் வீட்டுக்கு

கோணனகுண்டே, பெங்களூரு

அன்புள்ள பழனிச்சாமி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது தானாகவே ஊசியில் நூல் கோர்க்கிறார்கள் என்று நீ எழுதியிருந்த வரியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கற்பகம் கண் கலங்கிவிட்டாள். நம் இரண்டு பேருக்கும் கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்த கை அல்லவா அது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். சின்னவளுக்கு இது பத்தாம் வகுப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக எனக்குத் திம்பம் மலை ரோட்டின் நினைப்புதான்.

என் வீட்டு முனையில் நின்றால் கனகபுரா ரோடு. மேலே மெட்ரோ ஓடுகிறது, கீழே எந்நேரமும் நெரிசல். இருபத்திரண்டு வருடமாக அந்த ரோட்டைக் கடந்துதான் பால் வாங்கப் போகிறேன். போன மாதம்தான் வரைபடத்தில் அதை விரலால் தொடர்ந்து பார்த்தேன். கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, அப்புறம் உன் சத்தியமங்கலம். தேசிய நெடுஞ்சாலை 948. கோயம்புத்தூரில் சத்தி ரோடு என்கிறோமே, அதேதான். உன் வீட்டு வாசலில் போகும் ரோடும் என் வீட்டு முனையில் போகும் ரோடும் ஒன்று. இத்தனை வருடமும் நான் சேலம், ஈரோடு என்று ரயிலில் சுற்றித்தான் உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன். இதை ஒரு தடவையாவது சைக்கிளில் முழுசாக மிதித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

முதலில், இங்கிருந்து கிளம்பி உன் ஊருக்கு வருவதாகத்தான் திட்டம் போட்டேன். அப்படி வந்தால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு இறக்கம். சுலபம் என்றுதான் நினைத்தேன். நந்தி மலையில் பயிற்சிக்குப் போன ஒரு காலையில் அந்த எண்ணம் மாறியது. இறங்கும்போது முன்னால் ஒரு கார் தயங்கித் தயங்கிப் போனது. அதன் பின்னால் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே வந்தேன். பாதி வழியில் நிறுத்தி ரிம்மைத் தொட்டால் விரல் பொரிந்துவிடும் போல் இருந்தது. பிரேக் கட்டையிலிருந்து ரப்பர் கருகிய வாடை. என்னுடையது டிஸ்க் பிரேக் இல்லை. ரப்பர் கட்டை ரிம்மை உரசித்தான் நிற்க வேண்டும், அந்தச் சூடு உள்ளே இருக்கும் டியூபைத்தான் தாக்கும். அது இறக்கத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திம்பத்தில் பக்கத்திலேயே பஸ்ஸும் லாரியும் வேறு இறங்கும்.

அதனால் திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். நான் சைக்கிளை ரயிலில் பார்சலாகப் போட்டு ஈரோட்டில் இறங்குகிறேன். அங்கிருந்து கவுந்தப்பாடி, கோபி வழியாகச் சமவெளி ரோடு, அரை நாளில் உன் வீடு. மறுநாள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து மலையேறி, அதிலிருந்து மூன்றாவது நாள் சாயங்காலம் என் வீட்டில் காபி குடிக்கிறோம். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நின்றுவிடலாம். இந்த வயதில் எனக்கு அதுதான் நிம்மதி.

அந்தியூர் போய்ப் பர்கூர் மலை வழியாக ஏறலாமே, லாரி குறைவு என்று நீ எழுதியிருந்தாய். அது அருமையான பாதைதான், மறுக்கவில்லை. செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடுகளை அதன் சொந்த மலையில் பார்க்க எனக்கும் ஆசை. ஆனால் நம் ரோடு திம்பம்தானே. 1993இல் நீயும் நானும் உன் அப்பாவின் சைக்கிளில் டபுள்ஸ் போய்ப் பண்ணாரி கோயிலில் கும்பிட்டுவிட்டு, மலை ரோட்டில் முதல் வளைவையாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீரப்பன் காலம், அதிரடிப்படை ஜீப்புகள் வரிசையாக நின்றன. "வீட்டுக்குப் போங்க கண்ணுகளா" என்று ஒரு காவலர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொல்படி அன்றைக்குத் திரும்பினவர்கள்தான், அப்புறம் பஸ்ஸில் தவிர நாம் அந்த வளைவுகளைப் பார்க்கவே இல்லை.

இனி ஏற்றத்தின் கணக்கு. பண்ணாரியிலிருந்து திம்பம் சுமார் 13 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 800 மீட்டர் கூடும். அதாவது நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் மேலே. நான் பழகும் நந்தி மலையில் எட்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் 500 மீட்டர் வரும், ஆகவே ஒரு திம்பம் என்பது ஒன்றரை நந்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டிலேயே கிளம்பிப் போய் ஏறிவிட்டு, பாதி வரை இறங்கி மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறேன். நீ பவானிசாகர் அணை வரை போய் வருவது நல்லதுதான், ஆனால் அது கால் பழக மட்டும். ஏற்றத்துக்கு வேறு பழக்கம் வேண்டும்.

உன் முழங்காலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன், தயவுசெய்து கேள். உன் சைக்கிளில் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல். கடையில் சொல்லி 34 பல் வரை இருக்கும் கேசட்டாக (பின் பல்சக்கர அடுக்கு) மாற்றிவிடு. செயினும், அதைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் பின் டிரெயிலியரும் அதற்கு ஒத்துவருமா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். முன்னால் சின்னதில் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரே சுற்று, சுமார் இரண்டு மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் முழங்கால் தப்பிக்கும். 28இல் அதே ஏற்றத்தை ஏற ஒவ்வொரு மிதிக்கும் அழுத்த வேண்டிவரும், வலி அங்கேதான் தொடங்கும். சீட்டையும் பார். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் எல்லோரும் தரையில் கால் எட்ட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறோம், முழங்காலின் முன்பக்க வலிக்குப் பாதிக் காரணம் அது.

வளைவில் ஏறும் விதம் ஒன்று இருக்கிறது. நாம் இடது ஓரம் போகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், ரோடு அகலமாகத் தட்டையாக இருக்கும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம், அங்கே நாலைந்து மீட்டர் சுவர் மாதிரி நிமிரும். அதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். உள்ளே போன பிறகு மாற்றினால் செயின் கடமுட என்று மாட்டும், வண்டி நின்றுவிடும். மலையில் மேலேறும் வண்டிக்குத்தான் வழி என்பது விதி. என்றாலும் எதிரே பஸ் வளைவை முழுசாக எடுத்துத் திரும்பும்போது விதியைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, முன்னாலேயே நின்று விட்டுக்கொடுப்போம்.

நேரம்தான் இந்தப் பயணத்தில் முக்கியம். 2022இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் பண்ணாரிக்கும் கர்நாடக எல்லையில் இருக்கும் காரப்பள்ளம் சோதனைச்சாவடிக்கும் நடுவில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறதல்லவா. புலிகள் காப்பகத்துக்குள் இரவில் வண்டியில் அடிபட்டு எத்தனை உயிர் போயிருக்கிறது, நல்ல உத்தரவு அது. காலையில் ஆறு மணிக்குத் திறந்ததும் காத்திருந்த லாரிகள் ஒன்றாகக் கிளம்பும். அந்தக் கூட்டத்தில் நாம் மாட்டக் கூடாது. அவை போகட்டும். ஆறரைக்கு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவோம். காரப்பள்ளத்தில் திறந்துவிடும் வண்டிகள் கீழ் வளைவுகளுக்கு வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் கீழ்ப் பாதி ரோடு நமக்கு ஓரளவு காலியாகக் கிடைக்கும். ஒன்பதரைக்குள் மேலே டீக்கடையில் இருக்கலாம்.

யானையைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டியவன், ஆனாலும் ஒன்று. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவு திரும்பி யானைக்குப் பத்தடி முன்னால் போய் நிற்போம், அதுவும் திடுக்கிடும், நாமும் திடுக்கிடுவோம். அதனால் பேசிக்கொண்டே போக வேண்டும், மணி அடித்துக்கொண்டே போக வேண்டும். ஆசனூரிலிருந்து காரப்பள்ளம் வரை கரும்பு லாரியை எதிர்பார்த்து யானைகள் ரோட்டோரம் நிற்கும் இடம். முன்னால் லாரி நின்றிருந்தால் ஏன் என்று எட்டிப் பார்க்கப் போகாமல் அதன் பின்னாலேயே நிற்போம். பையில் வாழைப்பழம் வேண்டாம். கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை வாங்கி வருகிறேன், பொட்டுக்கடலையோடு உருண்டை பிடித்து இறுக்கமான டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். உன் வீட்டில் செய்யும் பக்குவம் எனக்குத் தெரியும், அதையே செய்யச் சொல்.

அன்றைக்கு இரவு சாம்ராஜ்நகரில் தங்கல், மொத்தம் சுமார் எண்பது கிலோமீட்டர். மறுநாள் கொள்ளேகால் தாண்டிக் காவிரியைக் கடந்து மளவள்ளி. வழியில் சிவனசமுத்திரம் பார்க்க வேண்டும். என் மாமனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்கு 1902இல் கரண்ட் வந்தது அந்த அருவியிலிருந்துதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை கூட அவரை அங்கே கூட்டிப்போக எனக்கு வாய்க்கவில்லை. மூன்றாம் நாள் சுமார் நூறு கிலோமீட்டர். பெங்களூரு மளவள்ளியைவிட முந்நூறு மீட்டர் உயரம் என்பதால் அன்றைக்கும் கால் வலிக்கத்தான் செய்யும்.

தை மாதம் இரண்டாவது வாரம் வைத்துக்கொள்ளலாமா? காணும் பொங்கல் கூட்டம் போயிருக்கும். மழையும் ஓய்ந்திருக்கும், மண் சரிவு பயம் இல்லை. மாசி போனால் காடு காய்ந்து தீ பிடிக்கும் காலம், விலங்குகளும் தண்ணீருக்கு அலையும். தையில் மேலே பனிமூட்டம் இருக்கும், பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு பேரும் போட்டுக்கொள்வோம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த வாரமே பண்ணாரி சோதனைச்சாவடிக்குப் போய், சைக்கிளில் இரண்டு பேர் வருகிறோம், அனுமதிப்பீர்களா, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று வனத்துறைக்காரர்களிடம் நேரில் கேள். வேண்டாம் என்று சொன்னால் வாதாட வேண்டாம், அது அவர்கள் காடு. சரக்கு ஆட்டோவில் சைக்கிளை ஏற்றி ஆசனூர் தாண்டி இறங்கிக்கொள்வோம், அல்லது நீ சொன்ன பர்கூர் பக்கம் விசாரிப்போம். விடுகிறோம் என்றால் உடனே போன் பண்ணு, அன்றைக்கே ரயில் டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அப்படியே கோயிலுக்குள் போய் என் பெயரிலும் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வா. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

உன்
செல்வராஜ்