பிடிக்கலேன்னா சேனல மாத்துன்னு சொன்ன தம்பிக்கு

தம்பி,

ஞாயித்துக்கிழமை போன்ல, நல்லா ஆரம்பிச்ச சீரியலையும் படத்தையும் கெடுத்துடுறாங்கன்னு நான் பொலம்புனப்ப நீ சொன்ன, "எதுக்கும்மா இவ்ளோ டென்ஷன் ஆகுற, மொக்கையா இருந்தா சேனல மாத்திட்டுப் போக வேண்டியதுதான"ன்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள அப்பா போன வாங்கிட்டாரு, அங்க குளிரா, சாப்டியான்னு கேட்டுட்டு வச்சுட்டாரு. ரெண்டு நாளா மிஷின் மிதிக்கிறப்பல்லாம் அதேதான் மனசுல ஓடுது, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன், நீளமா இருக்கும், முழுசாப் படி.

நான் டிவி பாக்குறது எப்படின்னு ஒனக்கே தெரியும். கையில யாரோட பிளவுஸாவது இருக்கும், ஹெம்மிங் போடுறது, கொக்கி வைக்கிறதெல்லாம் ராத்திரி ஒம்போதரை மணிக்குத்தான். 2022ல சன் டிவியில எதிர்நீச்சல் சீரியல் ஆரம்பிச்சப்பவும் அப்படித்தான் ஒரு காது மட்டும் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் மருமகளுங்க எல்லாம் அடுப்படியில நின்னு பேசுற சீன், ஒருத்தி காய் நறுக்குறா, ஒருத்தி பாத்திரம் எடுக்குறா, அவளுக படிச்ச படிப்பு என்ன, இந்த வீட்டுல இருக்குற லட்சணம் என்னன்னு பேசிக்கிட்டே இருக்கறப்ப வாசல்ல அந்த வீட்டு மூத்தவன் குணசேகரன் செருப்பு சத்தம் கேட்டாப் போதும், அப்படியே வாய மூடிக்கிட்டு வேலையப் பாக்குறாளுக. எனக்கு ஊசி குத்துன எடத்துலயே நின்னுபோச்சு. சீரியல் முடிஞ்சப்ப பாக்குறேன், ஒரு கொக்கி கூட வைக்கல. அந்த மாதிரி வீட்ட நான் பாத்திருக்கேன்டா, ஒன் பெரியத்த வீடு அப்படித்தான் இருந்துச்சு, அவங்க எம்.ஏ. படிச்சவங்கன்னு ஒனக்கு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?

2023 செப்டம்பர்ல, குணசேகரனா நடிச்ச மாரிமுத்து சார் தவறிட்டாரு. காலையில அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன எடத்துலயே நெஞ்சு வலி வந்து போயிட்டாருன்னு நியூஸ்ல சொன்னப்ப நெசமாவே நம்ம வீட்டு ஆளு போன மாதிரி இருந்துச்சு. தேனிப் பக்கத்து ஆளு, அந்தப் பேச்சு அப்படியே நம்ம பேச்சு. அதுக்கப்புறம் குணசேகரனா வேல ராமமூர்த்தி சார் வந்தாரு, அவர நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், பெரிய எழுத்தாளரு, நடிப்பும் தெரிஞ்சவரு, இன்னொருத்தரு உக்காந்து எழுந்த நாற்காலியில போய் உக்காருறது அவ்ளோ லேசு இல்ல. என் வருத்தமே வேற. குணசேகரன் இல்லாத அந்தக் கொஞ்ச நாள்ல கதை அந்தப் பொம்பளைங்க கைக்கு வந்திருக்கணும், ஒன்றரை வருஷமா அடுப்படியில பேசுனாளுகளே, இனிமே என்ன செய்யப் போறாளுகன்னு காட்டியிருக்கணும். அதை விட்டுட்டு அந்த நாப்பது பர்சன்ட் சொத்து, மறுபடி சொத்து, மறுபடி மிரட்டல், ஒரு வார்த்தைக்கு நாலு பேரு மூஞ்சிய மாத்தி மாத்திக் காட்டுறதுன்னு இழுத்தாங்க. என் கணக்கு சொல்றேன் கேளு, அந்த மாசங்கள்ல ஒரு எபிசோடுக்குள்ள ஒரு முழு பிளவுஸ் ஹெம்மிங் முடிஞ்சு கொக்கியும் வச்சுருப்பேன், தலைய நிமிந்தே பாக்கல. 2024 ஜூன்ல முடிச்சப்பவும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்புற மாதிரி முடிச்சாங்க. டிசம்பர்ல ரெண்டாவது பாகம்னு மறுபடி ஆரம்பிச்சா, கடைசி மருமக ஜனனியா வேற பொண்ணு. அந்தப் பொண்ணும் நல்லாத்தான் செய்யுது, ஆனா நமக்குப் பழக ஒரு மாசம் வேண்டாமா?

அடுத்து அந்தப் படம். 2024 ஜூலையில நீ அங்க இருந்துக்கிட்டே எங்க ரெண்டு பேருக்கும் இந்தியன் 2க்கு டிக்கெட் போட்ட. படம் எப்படின்னு கேட்டப்ப பரவால்லன்னு சொன்னேன், காசு போட்டவன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு சொன்னது அது.

1996ல முதல் இந்தியன் வந்தப்ப நீ கைக்குழந்தை. தாத்தாதான் எங்கள கூட்டிட்டுப் போனாரு. அவரு பென்ஷன் ஃபைலுக்காக ஒரு ஆபீஸுக்கு எட்டு மாசமா நடையா நடந்து, கடைசியில ஒரு கவர்ல காச வச்சுக் குடுத்துட்டு வந்திருந்த நேரம். படத்துல கமல்தான் சேனாபதி, அவரு பொண்ணா வர்ற கஸ்தூரி தீக்காயத்தோட கெடக்கும், போற எடமெல்லாம் லஞ்சம் கேப்பாங்க, சேனாபதி குடுக்க மாட்டேன்னு நிப்பாரு, புள்ள செத்துப் போகும். நான் ஒன்ன மடியில போட்டுக்கிட்டு அழுகுறேன், திரும்பிப் பாத்தா தாத்தா துண்ட வாயில வச்சு அமுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அவரு குடுத்துட்டாருல்ல, அதான் அவர அறுத்துச்சு.

அந்த சேனாபதி 28 வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றாருன்னா நான் என்ன நெனச்சுக்கிட்டுப் போயிருப்பேன். உங்க உங்க வீட்டுலயே லஞ்சம் வாங்குறவங்கள நீங்களே காட்டிக் குடுங்கன்னு புள்ளைங்ககிட்ட சொல்றாரு, அது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா, பெத்தவன புள்ள புடிச்சுக் குடுத்தா அந்த வீட்டுல மறுநாள் யாரு சோறு பொங்குவா? சித்தார்த் வீட்டுல அம்மா செத்தே போகுது. அங்கதான்டா படமே இருக்கு. அங்க நின்னு பேசாம, பணக்காரன் ஒவ்வொருத்தனையும் வர்மத்துல குத்தி ஒருத்தன குதிர மாதிரி ஓட விட்டு, சேனாபதி ஒத்தச் சக்கர வண்டியில பறந்து, ஊழல் எல்லாம் பேப்பர்ல தலைப்பு வாசிக்கிற மாதிரி வரிசையா வந்துட்டுப் போகுது. முதல் படத்துல ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு பொண்ணு, அதுலயே நாடு முழுசும் தெரிஞ்சுச்சு. இதுல நாடு முழுசும் சுத்துறாங்க, எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கூட இல்ல. மூணு மணி நேரம் பாத்து முடிச்சா மூணாவது பாகத்துக்கு டிரெய்லர் போடுறாங்க. அப்புறம் 12 நிமிஷம் வெட்டிட்டாங்கன்னு சொன்னாங்க, வெட்டுறதா பிரச்சனை, துணியே அளவு தப்பி வெட்டுனதுக்கப்புறம் ஓரத்த மடிச்சு அடிச்சா சரியாயிடுமா.

ஆனா நீ அனுப்புன மீம்ஸ் எனக்குப் பிடிக்கல, அதையும் சொல்லிடுறேன். அந்தப் பட ஷூட்டிங்ல 2020 பிப்ரவரியில கிரேன் விழுந்து மூணு பேரு செத்தாங்க. விவேக் சார், நெடுமுடி வேணு சார் ரெண்டு பேரும் படம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, விவேக் சாரத் திரையில பாத்தப்ப தியேட்டர்ல கைதட்டுனாங்க, நானும் தட்டுனேன். சரியில்லன்னா திட்டு, எங்க சரியில்லன்னு சொல்லு, சிரிக்காத.

நீ மட்டும் சேனல மாத்துனியா? 2019ல வேலைக்குச் சேராம வீட்டுல இருந்தப்ப, திங்கக்கிழமை காலையில ஆறரை மணிக்கு எந்திரிச்சு அந்த ராஜா ராணி காலத்து இங்கிலீஷ் சீரியல், கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசன் பாப்ப. ராத்திரி சண்ட எபிசோடுல ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியலன்னு லேப்டாப்போட சேத்து போர்வைய மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருந்த, நான் காபிய கையில வச்சுக்கிட்டு எங்க குடுக்குறதுன்னு நின்னேன். அடுத்த வாரம் மேஜையில நம்ம காலத்துக் காபி கப்பு இருக்குன்னு என்னக் கூப்பிட்டுக் காட்டுன, உன் மொகத்துல சிரிப்பே இல்ல. அந்த வெள்ள முடி ராணி ஊரையே எரிச்சப்ப, "அவ எரிப்பாம்மா, அது தப்பில்ல, ஆனா எட்டு வருஷமா மெல்ல மெல்லச் சொன்னவங்க கடைசியில ஆறு எபிசோடுல ஓடுறாங்க"ன்னு சொன்ன. அன்னைக்கு மதியம் சாப்பிடல நீ. மறுபடி எடுங்கன்னு பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்களாமே, நீயும் போட்டேன்னு சொன்ன. நான் அப்ப ஒன்ன எதுக்கு டென்ஷன்னு கேட்டனா? ரசம் சாதம் பெசஞ்சு பக்கத்துல வச்சுட்டுப் போனேன்.

இப்பவும் ஒம்போதரைக்கு டிவி ஓடுது, கையில பிளவுஸ் இருக்கு. நேத்து அடுப்படி சீன் ஒண்ணு வந்துச்சு, ரெண்டு நிமிஷம் இருக்கும், ஊசி நின்னுச்சு.

இந்தியன் மூணாவது வந்தா டிக்கெட் போட்டுரு. அப்பா வர மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாரு, நான் சித்திய கூட்டிட்டுப் போறேன்.

அம்மா