கிக்கரில் காலை வைக்காதே

சிங்கப்பூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நாங்கள் இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பெர்த்தில் நீ வாங்கியிருக்கும், எஞ்சின் இறுகி அசையாமல் நிற்கும் பழைய யமஹா எஸ்ஆர்500 மோட்டார் சைக்கிளைப் பற்றித் தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால், வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி எழுதி அனுப்புகிறேன்.

முதலில் விற்றவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றதா, அல்லது நன்றாக ஓடிய வண்டியைப் பல வருடம் நிறுத்தி வைத்ததால் இறுகியதா? ஓட்டத்தில் இறுகியிருந்தால், எண்ணெய் வற்றியோ சூடு தாங்காமலோ பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கும். அதை ஊறவைத்துப் பயனில்லை, பிரித்தே ஆக வேண்டும். நின்ற இடத்தில் இறுகியிருந்தால், திறந்திருந்த வால்வு வழியாக ஈரக்காற்று இறங்கி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டரின் இரும்பு உட்சுவரான லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதற்குப் பொறுமையே பாதி மருந்து.

இந்த வண்டிக்கு பட்டன் ஸ்டார்ட் கிடையாது. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதனால் அசையாத எஞ்சினைக் கண்டதும் எல்லாருக்கும் உதைக்கும் மிதியான கிக்கர்மேல் ஏறிக் குதிக்கத் தோன்றும். நீ அதைத் தொடவே தொடாதே. உள்ளே பல்சக்கரம் உடைந்தால் ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கைப்பேசியில் இணைக்கும் சின்னக் கேமராவைத் துவாரத்தில் விட்டுப் பார். சுவர் முழுக்கச் செம்மண் பூசியது போலிருந்தால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுவதே மேல். பிஸ்டனைச் சுற்றி ஒரு கோடாக மட்டும் துரு தெரிந்தால் நம்பிக்கை உண்டு. ஆட்டோ கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து பிஸ்டன் தலை மூழ்கும் அளவுக்கு ஊற்று. இரண்டும் நில்லாமல் பிரிந்துவிடும் என்பதால் ஊற்றுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் என்பதால் கதவு திறந்திருக்கட்டும். மட்டம் இறங்க இறங்க மறுபடி ஊற்று. மெல்ல இறங்குவது நல்ல அறிகுறி. எண்ணெய் ரிங்குகளைத் தாண்டிப் போகிறது என்று பொருள். அவசரப்படாமல் ஒரு வாரமாவது விடு.

ஊறும் நாட்களில் வால்வு மூடிகளைத் திறந்து, வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கருக்கும் வால்வு முனைக்கும் இடையே விரலால் ஆட்டிப் பார். லேசான இடைவெளி இருப்பது இயல்பு. கடகடவென்று தாராளமாக ஆடினால் அந்த வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது. அதை விடுவிக்காமல் எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிடும். பலரும் இதைப் பார்ப்பதில்லை.

பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டு. டாப் கியரில்தான் சக்கரத்தில் நீ கொடுக்கும் விசை பிஸ்டனோடு இணைந்த தண்டான கிராங்கில் அதிகமாகச் சேரும். பிளக் துவாரம் திறந்தே இருக்கட்டும், முகத்தை அதற்கு நேரே வைக்காதே. பிஸ்டன் நகர்ந்தால் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். மயிரிழை அசைந்தாலும் அன்றைக்குப் போதும். மீண்டும் ஊற்றி, மறுநாள் தொடர்.

விடுபட்டதும் உடனே பெட்ரோல் ஊற்றிவிடாதே. எஸ்ஆர்500இல் எண்ணெய் வண்டியின் சட்டத்துக்குள் (ஃபிரேம்) நிற்கிறது. நெடுநாள் நின்றால் அது கீழே எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்கு இறங்கிவிடும். மட்டக்குச்சி வறண்டிருப்பதைப் பார்த்து மேலும் ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். சட்டம், கிராங்க் கேஸ் இரண்டையும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் விடு. நீ ஊற்றிய கலவையும் அங்கேதான் போயிருக்கும். கார்புரேட்டர், டேங்க் சுத்தம் செய்வது உனக்கே தெரியும்.

உனக்குப் பழைய பாகம் தேடலாம் என்றால், இங்கே 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ளவை தவிர, 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. சுங்கை ரோடு திருட்டுச் சந்தையும் 2017இல் மூடப்பட்டுவிட்டது. இல்லையென்றால் பழைய பாகம் எதுவானாலும் அங்கே அலசித் தேடி அனுப்பியிருப்பேன். காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களிடம் விசாரித்து வைக்கிறேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதலில் வெள்ளைப் புகை கிளம்பும். ஊற்றிய எண்ணெய் எரிந்து அடங்கிவிடும். நன்றாகச் சூடேறிய பிறகும் நீலப்புகை நிற்காவிட்டால், பெரும்பாலும் துரு சுவரைக் குழிபறித்திருக்கும். அப்போது இப்படியே ஓட்டலாம் என்று சமாதானம் செய்துகொள்ளாமல், 87 மில்லிமீட்டர் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போட்டுவிடு. அந்தச் செலவில் பாதியை நான் தருகிறேன். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். கேமராவில் எடுத்த படங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா