மூன்றே முக்கால்

விருதுநகர்

அன்புள்ள பாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. இரண்டு நாள் நல்ல மழை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பேரன் கவின் மேசையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து போனில் காட்டினான். நீ வைட்டமின் என்றாய். சரி என்றேன். 31 வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். அட்டையில் 3.75 என்று இருந்தது. இதயக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலை வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் பிரசுக்ரெல் அது. நம் ஊரில் அது தினமும் 10 மில்லிகிராம், உடம்பு இளைத்தவர்களுக்கு 5. நீ இருக்கும் ஜப்பானில்தான் 3.75. முதல் நாள் கொடுக்கும் அளவுகூட இங்கே 60, அங்கே 20.

காரணமாகத்தான் குறைத்திருக்கிறார்கள். மேல்நாட்டு அளவையே கொடுத்தால் ஜப்பான், கொரியா, சீனக்காரர்களுக்கு ரத்தக்கசிவு அதிகம். ஆனால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைவது வெள்ளைக்காரர்களைவிடக் குறைவு. எடை குறைவானவர்கள் என்பதும் அதில் ஒரு பங்கு. நீ 80 கிலோ. நம் வம்சத்தில் நெஞ்சுவலி எந்த வயதில் வரும் என்று உனக்கே தெரியும். அவர்களுக்குப் போதுமானது உனக்குப் போதுமா என்பதுதான் இரவெல்லாம் எனக்கு ஓடுகிறது. இதே வேலைக்கான இன்னொரு மாத்திரை க்ளோபிடோக்ரெல்லுக்கு மாற்றுவதாகச் சொன்னால் அதையும் கேட்டுக்கொள். கல்லீரலில் ஒரு நொதி மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியரில் நூற்றுக்கு 2 பேர், சீனரில் 14. நம் பக்கமும் நிறையப் பேர்.

டாக்டரிடம் தென்னிந்தியன் என்று சொல். எடையைச் சொல், பெரியப்பா கதையைச் சொல். அவர்கள் மொழியிலேயே பேசுகிறவன் நீ, அதில் எனக்கு எவ்வளவு பெருமை! வீட்டில்தான் வாய் திறப்பதில்லை. நீயாக மாத்திரையைக் கூட்டாதே, குறைக்காதே. பல்லில் ரத்தம் வந்தாலும் நிறுத்தாதே, டாக்டரைக் கேள். அங்கே கடையில் தலைவலிக்கு லாக்சோப்ரோஃபென் தருவார்கள். அதை வாங்காதே, இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் கசியலாம்.

பெரியப்பா கதை என்று எழுதிவிட்டேன். அதில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவருடைய முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கொடுத்தது நான். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல்லும் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தே கொடுத்தேன், 20 நாள், வயிற்றுக்குக்கூட ஒன்றும் சேர்க்காமல். மலம் கறுப்பாகப் போகிறது என்று கடைக்கே வந்து சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று அனுப்பிவிட்டேன். அது வயிற்றில் கசிந்த ரத்தம். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர், பயந்துபோய் இதய மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் நீ காரியத்துக்கு வந்தாய். அந்த ஹார்ட் மாத்திரைதான் கொன்றது என்று கூடத்தில் எல்லோரும் பேசினார்கள். நானும் தலையாட்டினேன், நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் உன் மாத்திரையை எங்களிடம் மறைக்கிறாயோ என்று நினைக்கும்போது தாங்கவில்லை. மாத்திரை கொல்லவில்லை, பாலு.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலை 7 மணிக்கு அவள் கோயிலுக்குப் போவாள், உங்களுக்கு அது பத்தரை. போன் என் கையிலேயே இருக்கும்.

அப்பா