வைட்டமின் டியும் தடுப்பூசியும்: சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கிடைத்தன. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதில் எனக்கு நிம்மதி. வைட்டமின் டி மட்டும் 11, ரொம்பக் குறைவு. திருச்சி வெயிலில் இருந்துகொண்டு 11 வாங்க உன்னால்தான் முடியும்! காலையில் ஏசி கார், பகலெல்லாம் ஏசி கடை, பொழுது சாய்ந்த பிறகு நடை. அப்புறம் எங்கிருந்து வரும்? ஜன்னல் வழியாக விழும் வெயிலும் உதவாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும். நம் தோலின் கறுப்புக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். இங்கே லண்டனில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை வெயிலே போதாது என்பதால், குளிர்காலத்தில் தினம் 400 யூனிட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 'டி அளவை ஏற்றிய பிறகுதான் ஃப்ளூ ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் வீண்' என்று உன் நடைப்பயிற்சி நண்பர் சொன்னாராமே. அவர் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் பலவற்றில் வைட்டமின் டியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உண்டு. கிருமியைக் கண்டதும் சில செல்கள் தாங்களே வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, கிருமியைக் கொல்லும் புரதம் ஒன்றைத் தயாரிக்கின்றன. காசநோய்க் கிருமியை வைத்து இதை 2006-ல் காட்டினார்கள். ஆனால் 'T செல்' எனப்படும் வேறு வகை நோய் எதிர்ப்புச் செல்களின் வேகத்தை அதே வைட்டமின் டி தணிக்கவும் செய்கிறது. அதனால் வைட்டமின் டி ஏற ஏற, ஊசிக்குப் பிறகு கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியும் ஏறும் என்று கணக்குப் போட முடியாது.

ஃப்ளூ ஊசி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 அலசல் ஒன்று உண்டு. டி குறைவாக இருந்தவர்களுக்கு எச்3என்2, பி என்ற ஃப்ளூ வைரஸ் வகைகளுக்கு எதிரான பாதுகாப்பு சற்றுக் குறைந்திருந்தது. எச்1என்1 என்ற வகைக்கு வித்தியாசமே இல்லை. டி குறைந்தவர்களில் பலர் வயதானவர்கள், பருமனானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள். ஊசி சரியாக வேலை செய்யாததற்கு அதுவே காரணமாக இருக்கலாமே?

வைட்டமின் டியைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரான்ஸில் டி குறைந்த முதியவர்களுக்கு மூன்று மாதம் பெரிய டோஸ் கொடுத்துவிட்டு ஃப்ளூ ஊசி போட்டார்கள். ஆன்டிபாடி கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நீ கேட்ட கேள்வி அப்படியே அதில் இருக்கிறது. இங்கே லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் நடத்திய கொரோனாவிட் ஆய்வு பெரியது, மொத்தம் 6200 பேர். அதில் ஒரு பகுதியினருக்குப் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தவர்களுக்குத் தினம் 800 அல்லது 3200 யூனிட் ஆறு மாதம் கொடுத்தார்கள். கோவிட் தடுப்பூசிகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டு டோஸுக்குப் பிறகு ஆன்டிபாடி அளவிலும் சரி, ஊசிக்குப் பிறகும் தொற்று வந்ததிலும் சரி, மாத்திரையால் மாற்றம் இல்லை. நீ கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்ட அதே அஸ்ட்ராஜெனெகா ஊசியும் அதில் இருந்தது. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதுதான் எனக்கு மனக்குறை. நம்மைப் போன்றவர்களை வைத்து ஒன்று நடத்தட்டுமே!

ஆகவே நீ ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாதே, மழைக்கு முன்னால் போட்டுவிடு. 11 என்பதைச் சும்மா விடவும் வேண்டாம், அதை எலும்புக்காகச் சரிசெய். டாக்டர் எழுதிய 60,000 யூனிட் வாரத்துக்கு ஒன்றுதான். தினம் போட்டுவிடாதே, எத்தனை வாரம் என்பதையும் கேட்டுக்கொள். இது கொழுப்பில் கரையும் சங்கதி, உடம்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகத் தொல்லையும் வரும்.

இங்கே எல்லோரும் நலம். மகள் செப்டம்பரில் வேலை மாறுகிறாள், நாங்கள் டிசம்பரில் ஊர் வருகிறோம். கால்சியம் மாத்திரையும் தனியாகச் சாப்பிடுகிறாயா? பதிலில் எழுது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமு